ஆல்டிஸ்: காகிதம் போக மிச்சம் என்ன?

உபி அவென்யூ 2இல் இருக்கும் ஆட்டோமொபைல் மெகாமார்ட்டில் வரிசையாக நிற்கும் பழைய கார்களின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதில் இரண்டு எண்கள். ஒன்று விலை, மற்றது ஆண்டுத் தேய்மானம், விற்பவர்கள் வாயில் 'டெப்ரி'. வாங்க வருகிறவர்கள் இரண்டாவதைத்தான் முதலில் படிக்கிறார்கள். பக்கத்துக் காரின் டெப்ரியைவிட 500 வெள்ளி குறைவு என்றால் முகம் மலர்ந்துவிடுகிறது. பானெட்டைத் திறந்து பார்க்காமலே முன்பணம் கட்டியவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு.

அந்தக் கணக்கு தவறில்லை, அரைகுறை. சிங்கப்பூரில் கார் என்பது பத்தாண்டுக்கு எடுக்கும் குத்தகை என்பதால் அது பிறந்தது. 1990 மே மாதம் வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, வந்ததிலிருந்து இதே கதைதான். 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவு சான்றிதழ் இரண்டு வெள்ளிக்குப் போனது. 2025 அக்டோபரில் அதே சான்றிதழ் 128,105 வெள்ளி. புதுக் காரின் விலையில் பெரும்பங்கு சான்றிதழுக்கே போய்விடும்போது, நடுத்தரக் குடும்பம் ஆறேழு வயதான செடான் பக்கம் திரும்புவது இயல்பு.

என் மைத்துனரும் அப்படித்தான் திரும்பினார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியுள்ள அவருடைய அம்மா (எனக்கு அத்தை), வாரம் ஒருமுறை தேக்கா சந்தை. பட்டியலின் தலையில் இருந்தது 2020இல் பதிவான டொயோட்டா கரோலா ஆல்டிஸ் 1.6. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் காகிதம். கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று முழு எண்களாக வைத்துக்கொள்வோம். விலை 70,000 வெள்ளி, சான்றிதழில் மிச்சம் நான்கு ஆண்டு, முதலில் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம் 20,000. அந்த ஆண்டுகளில் பதிவான காரைப் பத்தாம் ஆண்டு முடிவில் ஒப்படைத்தால் அந்தக் கட்டணத்தில் பாதி, 10,000, திரும்பி வரும். ஆக நான்கு ஆண்டில் கரைவது 60,000; ஆண்டுக்கு 15,000. விற்பவர் சொல்லும் டெப்ரி இதுதான்.

அவர் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. 2020இல் 'ஏ' பிரிவு சான்றிதழ் ஏறத்தாழ 30,000 முதல் 40,000 வெள்ளிக்குள் இருந்தது. 35,000 என்று வைத்தால், மிச்சமுள்ள நான்கு ஆண்டுக்கு அரசாங்கக் கணக்கில் அதன் மதிப்பு 14,000 மட்டுமே. ஏழு வயதுக்குள் இருக்கும் காருக்குக் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 65 விழுக்காடு, அதாவது 13,000. இன்றைக்கே காரை அழிக்கக் கொடுத்தால் கையில் வருவது 27,000. நாம் கொடுப்பதோ 70,000. இடையில் இருக்கும் 43,000க்குக் காகிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. இன்றைய சிஓஇ விலை உயர்ந்திருப்பதால் சந்தை தூக்கி வைத்திருக்கும் தொகை அது. சான்றிதழ் விலை சரிந்தால் அதுதான் முதலில் கரையும். சான்றிதழ் உச்சத்தில் இருந்தபோது பதிவான காரில் இந்த இடைவெளி குறைவு, ஏனெனில் அதன் காகிதத்திலேயே பணம் உறைந்திருக்கிறது. மலிவான சிஓஇ காலத்துக் காரை வாங்குகிறவர் இரும்புக்கும் ரப்பருக்கும் அதிகம் கொடுக்கிறார். அப்படியிருக்க இரும்பையும் ரப்பரையும் பார்க்காமல் வாங்கினால் எப்படி?

எனவே வண்டிக்கு வருவோம். கேம்ரிதான் குடும்பக் கார், ஆல்டிஸ் சின்னது என்று சொல்பவர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடத்தை அளந்து பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தின் நீளம் 4.8 மீட்டர், அகலம் 2.4. இந்தத் தலைமுறைக்கு ஈடான கேம்ரியின் நீளம் 4.885 மீட்டர், கோட்டைத் தாண்டி மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். சாலை வரியிலும் பெரிய வித்தியாசம்: 1.6 லிட்டர் ஆல்டிஸுக்கு ஆண்டுக்குச் சுமார் 742 வெள்ளி, 2.5 லிட்டர் கேம்ரிக்கு 1,780ஐத் தாண்டும். ஆல்டிஸ் 4.63 மீட்டர் நீளம், 1.78 மீட்டர் அகலம். கட்டத்தின் நடுவில் நிறுத்தினால் இரு புறமும் தலா முப்பது சென்டிமீட்டர் சொச்சம் மிஞ்சுகிறது. பக்கத்துக் காரும் ஒழுங்காக நின்றால்தான் பின்கதவை அகலத் திறக்க முடியும். அத்தையை முதலில் இறக்கிவிட்டு அப்புறம் நிறுத்தப் போவதே நல்லது என்பது முதல் நாளே புரிந்துவிட்டது.

அத்தையின் தீர்ப்பு சுருக்கமானது. "ஏறுறது கஷ்டமில்ல மாப்பிள்ளை. இறங்குறதுதான்." செடான் இருக்கை தாழ்வு, முழங்காலை ஊன்றி எழ வேண்டும். உயரமான எஸ்யூவிகள் இங்கே இவ்வளவு விற்பதற்கு வயதானவர்களின் மூட்டும் ஒரு காரணம் என்று நான் நெடுநாளாகச் சந்தேகிக்கிறேன். உட்கார்ந்த பிறகு அவருக்குக் குறையில்லை. 2019இல் வந்த இந்தத் தலைமுறையில் டொயோட்டா பின் அச்சை மாற்றியது. முந்தைய ஆல்டிஸின் எளிய முறுக்குச் சட்டம் போய், ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக அசையும் அமைப்பு வந்தது. வேகத்தடையில் அந்த வேறுபாடு இடுப்புக்குத் தெரிகிறது. பழைய ஆல்டிஸ் குதித்து அடங்கும். இது ஒருமுறை அமுங்கி எழுந்து நின்றுவிடுகிறது.

பின்னால் கால் நீட்ட இடம் போதும், தாராளம் என்று சொல்லமாட்டேன். ஹியுண்டாய் அவாண்டே இதைவிட விசாலம். இரண்டு பிள்ளை இருக்கைகளை மாட்டிவிட்டால் நடுவில் பெரியவர் உட்கார முடியாது. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு உரிய இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதால் இதை வாங்கும் முன்பே மாட்டிப் பார்ப்பது நல்லது. பின்பக்கம் குளிர்காற்றுத் துவாரம் இருக்கிறதா என்பதையும் கண்ணால் பாருங்கள். வகைக்கு வகை மாறும், விற்பவர் "எல்லாம் இருக்கு" என்றுதான் சொல்வார்.

சிராங்கூன் சாலையை விடச் சிறந்த சோதனைக்களம் இந்தத் தீவில் இல்லை. ஞாயிறு மாலை வீரமாகாளியம்மன் கோயிலருகே ஊர்ந்துபோகும்போது வேகம் நடைவேகம்தான். இரு பக்கமும் ஆட்கள் எந்த நொடியும் சாலையில் இறங்குவார்கள். இங்கே ஆல்டிஸ் நன்றாகத் தேறுகிறது. டேஷ்போர்டு தாழ்வாக இருக்கிறது, முன்தூண்கள் பார்வையை அதிகம் மறைக்கவில்லை, சையது ஆல்வி சாலைக்குத் திரும்பும்போது ஓரத்தில் நிற்பவர் தெளிவாகத் தெரிகிறார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் உதறாமல் நகர்கிறது. சிவிடி கியர்பெட்டி பிறந்ததே இந்தச் சாலைக்குத்தான்.

அதே கியர்பெட்டி விரைவுச்சாலையில் முனகுகிறது. தீவு விரைவுச்சாலையில் நுழையும் இணைப்புச் சாலையில் முழுப் பேர் ஏறிய நிலையில் முடுக்கியை அழுத்தினால், சத்தம் முதலில் வருகிறது, வேகம் அப்புறம் வருகிறது. 1,598 சிசி எஞ்சின், டர்போ கிடையாது, 120 குதிரைத்திறனைச் சற்றே தாண்டும். ஆனால் இங்கே விரைவுச்சாலையின் உச்சவேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். நூறை எத்தனை நொடியில் தொடும் என்ற கேள்வியை வாங்குகிறவர் கேட்பதே வேடிக்கை. 'ஏ' பிரிவில் 1,600 சிசியோடு 97 கிலோவாட் வரம்பும் 2014 முதல் இருக்கிறது. அதற்குள் அடங்குவதற்காக ஹோண்டா தன் சிவிக் டர்போவின் திறனையே இந்த ஊருக்கென்று குறைத்து விற்றது. எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே குனிந்துதான் நிற்கிறார்கள்.

டிக்கி 470 லிட்டர். தேக்கா நிலையத்தில் வாங்கிய ஒரு வாரத்து மீன், காய்கறி, முஸ்தபாவில் எடுத்த இரண்டு அரிசி மூட்டை, பிள்ளையின் தள்ளுவண்டி எல்லாம் போனது. மூடியின் வளைந்த கீல்கள் உள்ளே இறங்கிவருவதால் மேலே முட்டை அட்டையை வைக்காதீர்கள்.

முன்னால் இடப்பக்கம் உட்கார்பவரிடம் ஒரு வார்த்தை. புதிய மின்னியல் சாலைக் கட்டண முறைக்கான கருவியின் ஒரு பாகம் பெரும்பாலான கார்களில் அவர் கால் வைக்கும் இடத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. உயரமானவர் என்றால் ஷூ அதில் இடிக்கிறதா என்று பாருங்கள். கருவி மாற்றியாகிவிட்டதா, அதன் திரை வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இனி இந்தக் குறிப்பிட்ட வண்டி. "ஒரே உரிமையாளர்" என்று விற்பவர் அடித்துச் சொன்னார். வெளியே கீறல் இல்லை, இருக்கை உறை புதிது. அந்தப் புது உறைதான் எனக்கு உறுத்தியது. உறையைத் தூக்கிப் பார்த்தால், பின்னிருக்கையின் இடப்பக்கம் மட்டும் பஞ்சு அமுங்கிக் குழிந்திருந்தது. வலப்பக்கம் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. பின் இடக்கதவின் கைப்பிடிக்கு உள்ளே நகக்கீறல்கள் வலைபோல் பின்னியிருந்தன, வலக்கதவில் நாலைந்துதான். குடும்பக் காரில் ஓட்டுநர் இருக்கைதான் முதலில் தேயும். பயணி எப்போதும் நடைபாதைப் பக்கமாக ஏறி இறங்குகிற வண்டியில் இந்த மூலை தேய்ந்துபோகும். முன்கண்ணாடியின் மூலையைச் சாய்வெயிலில் பார்த்தபோது ஒட்டுவில்லையைச் சுரண்டிய பசைத்தடமும் தெரிந்தது. தனியார் வாடகை வண்டிகளுக்கு 2017 முதல் முன்னும் பின்னும் வில்லை கட்டாயம். விற்பவர் பொய் சொல்லவில்லை. உரிமையாளர் ஒருவர்தான்: ஒரு வாடகை நிறுவனம்.

வாடகைக்கு ஓடிய ஆல்டிஸ் தீண்டத்தகாதது என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்காக எண்ணெய் மாற்றிய வண்டி, வாரக்கடைசியில் மட்டும் எடுக்கப்பட்டுத் தூங்கிய வண்டியைவிட நன்றாக இருக்கலாம். ஆனால் சொந்தக் கார் ஆண்டுக்குப் பதினைந்திலிருந்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற ஊரில், வாடகை வண்டி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஓடிவிடும். அது விலையில் தெரிய வேண்டும். சீட்டில் இருந்த விலையில் தெரியவில்லை.

சின் மிங்கில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் காரை நேரில் பார்க்காமலே தொலைபேசியில் சொன்ன சோதனைகள் எந்த சிவிடி காருக்கும் பொருந்தும். "காலையில முதல் ஸ்டார்ட் நீங்களே போடுங்க அண்ணே, அவங்க சூடாக்கி வச்சிருந்தா நாளைக்கு வர்றோம்னு கிளம்பிடுங்க" என்றார். பிரேக்கை மிதித்தபடி 'டி'க்கும் 'ஆர்'க்கும் மாற்றினால் தாமதமோ அடியோ இருக்கக்கூடாது. அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் சுற்றுச்சரிவில் மெதுவாக ஏறும்போது அதிர்ந்தால் அந்த வண்டி வேண்டாம். நடுப்பகல் வெயிலில் நின்ற இடத்திலேயே கால்மணி நேரம் ஏசி ஓடட்டும். காற்று குளிராகவே இருக்க வேண்டும், காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். பானெட்டுக்குள் மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால், மட்கார்டு ஒருமுறை கழன்றிருக்கிறது. ஏன் என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும். நாங்கள் பார்த்த வண்டியில் நான்கு டயரும் நான்கு வெவ்வேறு ஆண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் விக்கம் அல்லது எஸ்டிஏ நிலையத்தில் பரிசோதனைக்கு விடுவது உத்தமம். பரிசோதனைக்கு அனுப்பத் தயங்குகிற விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் 'லெமன்' சட்டம் பழைய கார்களுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் பழுது, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். நிறுவனத்திடம் வாங்கினால்தான் இந்தப் பாதுகாப்பு. தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் கிடையாது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. அவாண்டே இடவசதியில் ஒரு படி மேல். மஸ்டா 3 ஓட்டுகிறவருக்கு விருந்து, பின்னால் இருப்பவருக்குத் தண்டனை. மின்சாரக் கார்களில் எனக்கு ஆசை உண்டு, 2025இல் இங்கே அதிகம் விற்ற கார் பிராண்டே பிஒய்டிதான்; ஆனால் நான்கு ஆண்டுக்கு மட்டும் கார் தேடுகிற குடும்பத்துக்கு அந்த விலை இன்னும் எட்டவில்லை. ஜொகூருக்கு அடிக்கடி போகிறவர்கள், கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதியையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நகர நெரிசலில் இந்த 1.6 எனக்குக் கொடுத்தது லிட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர். சிக்கனம் என்று யாரும் பாராட்டமாட்டார்கள்.

மைத்துனரிடம் நான் சொன்னது: மாடல் சரி, இந்த வண்டி இந்த விலைக்குச் சரியில்லை. குடும்பம் ஓட்டிய ஆல்டிஸ் ஆண்டுக்கு 15,000க்குள் கிடைத்தால் எடுக்கலாம். வாடகைக்கு ஓடியது என்றால் மொத்த விலையில் குறைந்தது ஏழெட்டாயிரம் இறக்கிப் பேச வேண்டும், நான்கு டயருக்கான காசு தனி. விற்பவர் மூவாயிரத்துக்கு மேல் அசையவில்லை. அதே மாடியில் இன்னும் பல ஆல்டிஸ்கள் நின்றன. மைத்துனர் அடுத்ததன் பின் இடக்கதவைத் திறந்து கைப்பிடிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.