தேயிலைத் தோட்டமும் திரைப்படமும்: சமூக நீதி வரலாற்றைக் கற்பித்தலில் ‘பரதேசி’ – ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

கேமரன் மலைக்குச் சுற்றுலாச் செல்வோர் தேயிலைச் சரிவுகளின் பசுமையைக் கண்டு மகிழ்ந்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு, ஒரு குவளைத் தேநீர் பருகித் திரும்புவர். காடாய்க் கிடந்த அச்சரிவுகளைத் தோட்டமாக்கியவர் யாவர், அவர்தம் கூலி எவ்வளவு, அவர்தம் பிள்ளைகள் எங்கே படித்தனர் என்னும் வினாக்கள் அந்நிழற்படங்களில் இடம்பெறுவதில்லை. அம்மலையிலேயே பிறந்து வளரும் தமிழ் மாணவர்க்கும் இவ்வினாக்கள் எளிதில் எழுவதில்லை என்பதே ஆசிரியராகிய நம் கவலைக்குரியது.

2013-ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்வில் வரலாறு கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடமாயிற்று. தேர்ச்சிக்காக மனனம் செய்யப்படும் பாடமாக அது சுருங்கிவிடாமல் காக்க, வகுப்பறையில் திரைப்படத்தைத் துணைக்கருவியாகக் கொள்ளும் ஆசிரியர் பலர் உளர். அவர்களுள் தோட்டத் தொழிலாளர் வரலாற்றைக் கற்பிக்க முனைவோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது, அதே 2013-ஆம் ஆண்டில் இயக்குநர் பாலாவின் படைப்பாக வெளிவந்த ‘பரதேசி’ என்னும் தமிழ்த் திரைப்படமே. இப்படம் சமூக நீதி வரலாற்றைக் கற்பிக்க எந்த அளவிற்குத் துணைபுரியும், எவ்விடத்தில் தவறவிடும் என்பதனைக் கேமரன் மலைத் தோட்டப்புற மாணவரை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படமும் மூலநூலும்

‘பரதேசி’க்கு அடிப்படையாக அமைந்தது மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த ‘ரெட் டீ’ என்னும் நாவலாகும். இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் இது தமிழ் வாசகரை எட்டியது. டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தோட்டப் பணியாளர்க்குத் தொழிற்சங்கம் அமைப்பதில் முன்னின்றவர். வால்பாறைப் பகுதியில் தாம் கண்டவற்றையும், முதிய தொழிலாளர் வாயிலாகக் கேட்டவற்றையும் கொண்டே அவர் அந்நாவலைப் படைத்தார்.

திரைப்படம் இக்கதையின் புறச்சட்டகத்தைப் பெரிதும் ஏற்றுக்கொள்கிறது. வறண்ட சிற்றூர், முன்பணம் காட்டி அழைக்கும் கங்காணி, மலைநோக்கிய நெடுநடை, லயத்து வாழ்க்கை, கொள்ளைநோய், ஆண்டிறுதியில் கணக்குத் தீர்க்கும்போது கூலி முழுதும் பற்றில் கழிந்து கடன் எஞ்சும் கொடுமை ஆகியன மாணவர் நெஞ்சில் ஆழப் பதியும் வகையில் காட்டப்படுகின்றன. தப்பியோட முயன்றவனின் குதிகால் நரம்பு அறுக்கப்படும் காட்சியைப் பத்துப் பக்கப் பாடநூல் விளக்கத்தாலும் ஈடுசெய்ய இயலாது. காட்சி ஊடகத்தின் இவ்வலிமையை நாம் மறுக்கவில்லை.

ஆயினும், நாவலுக்கும் படத்திற்கும் இடையிலான வேறுபாடுகளுள் ஒன்று நம் கருத்திற்குரியது. நாவலில் வரும் மருத்துவர் ஆபிரகாம் தொழிலாளர் நிலையைச் சீர்திருத்த முனைபவர். அதன்பொருட்டு நிர்வாகத்தை எதிர்கொள்பவர். படத்தில் அவ்விடத்திற்கு வரும் மருத்துவரோ, நோயுற்ற மக்களிடையே பாட்டும் ஆட்டமுமாக மதம் பரப்புபவராகச் சித்திரிக்கப்படுகிறார். படம் வெளிவந்த காலத்திலேயே இம்மாற்றம் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அக்கண்டனம் பெரும்பாலும் மதம் சார்ந்ததாகவே நின்றுவிட்டது. நம் நோக்கில், இதனால் ஏற்பட்ட இழப்பு வேறு. கொடுமையை எதிர்த்துக் கேள்வி கேட்ட ஒரே கதைமாந்தர் கதையிலிருந்து அகற்றப்பட்டார் என்பதே அவ்விழப்பு.

சட்டம் இடம்பெறாத தோட்டம்

சமூக நீதி வரலாறு துன்பத்தின் வரலாறு மட்டுமன்று. அத்துன்பத்திற்குத் துணைநின்ற சட்டங்களின் வரலாறும் ஆகும். சென்னை மாகாணத்தில் 1903-இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு வெளியேறிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கித் தண்டிக்க இடமளித்தது. தப்பியோடியவனைத் துரத்தியது கங்காணியின் ஆள் மட்டுமல்லன். அரசின் சட்டமும் அவனைத் துரத்தியது. அச்சட்டம் 1920-களின் பிற்பகுதியில் நீக்கப்பட்டது.

நாவலின் கதை அச்சட்டம் நடப்பிலிருந்த 1920-களில் நிகழ்கிறது. படமோ கதையை 1930-களின் இறுதிக்கு நகர்த்திவிடுகிறது. தண்டனைச் சட்டம் நீங்கிய பின்னரும் முன்பணக் கடனும் கங்காணி முறையும் தென்னிந்தியத் தோட்டங்களில் நெடுங்காலம் நீடித்தன என்பது உண்மையே. எனவே, படத்தில் காட்டப்படும் கொடுமை பொய்யன்று. ஆனால், சட்டம் நீங்கியும் வழக்கம் நீங்காதது ஏன் என்னும் வினாவைப் படம் எழுப்பவில்லை. கொடியவனாக ஒரு கங்காணியும் கொடியவனாக ஒரு துரையும் நம் முன் நிறுத்தப்படுகின்றனர். அவ்விருவரும் நல்லவராய் இருந்திருப்பின் எல்லாம் நன்றாய் முடிந்திருக்கும் என மாணவர் எண்ணிவிடக்கூடும். அநீதியைத் தனிமனிதக் குணமாகக் காண்பதும் அமைப்பாகக் காண்பதும் வெவ்வேறு எனக் கற்பிப்பதே வரலாற்று ஆசிரியரின் முதற்கடமை.

நம் மலையின் கதை

‘பரதேசி’யைக் கண்ட கேமரன் மலை மாணவர், “எங்கள் பாட்டனார்க்கும் இதுவே நேர்ந்ததா?” எனக் கேட்பது இயல்பு. “ஆம்” என்று மட்டும் விடையளித்தல் எளிது. ஆனால் அது பிழையாகிவிடும்.

1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காகச் சென்று குறிப்பிட்ட இம்மலைப்பகுதியில், தேயிலைப் பயிர்த்தொழில் 1929-ஆம் ஆண்டளவிலேயே காலூன்றியது. அவ்வாண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் தோட்டப் பட்டறிவு பெற்ற ஏ.பி. மில்ன் என்பாருடன் இணைந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. டேனியலின் நாவல் காட்டும் காலத்தை அடுத்தே நம் மலையின் தேயிலை வரலாறு தொடங்குகிறது எனலாம்.

ஆனால், அதற்குள் மலாயாவின் தொழிலாளர் முறை தனக்கென ஒரு வடிவம் பெற்றிருந்தது. 1907-இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின்வழி, முதலாளிமாரிடம் திரட்டிய தொகையிலிருந்து தொழிலாளரின் பயணச்செலவு ஏற்கப்பட்டது. 1910-இல் இந்தியர்க்கான ஒப்பந்தக்கூலி முறை முடிவுக்கு வந்தது. ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து வேலையிலிருந்து விலகும் உரிமை பின்னர்ச் சட்டத்தில் இடம்பெற்றது. சட்டத்தின் பார்வையில் மலாயாத் தோட்டத் தொழிலாளி கடனாளியாக வந்து இறங்கியவன் அல்லன்.

அங்ஙனமாயின் அவன் உரிமையுடையவனாய் இருந்தானா? அவன் குடியிருந்த லயம் தோட்டத்திற்கு உரியது. வேலை போனால் வீடும் போயிற்று. வேலையில் மூப்பெய்தினாலும் வீடு போயிற்று. வால்பாறையில் தொழிலாளியைக் கட்டிப்போட்டது முன்பணம் எனில், நம் தோட்டங்களில் அவனைக் கட்டிப்போட்டது குடியிருப்பாகும். முன்னது கண்ணுக்குத் தெரியும் தளை. பின்னது வசதியின் உருவில் வந்த தளை. ‘பரதேசி’யை மட்டும் கண்ட மாணவர் முன்னதை இனங்காண்பர்; தம் வீட்டுச் சுவரிலேயே இருக்கும் பின்னதைக் காணாமற் போவர்.

கண்ணீரும் கணக்கும்

‘பரதேசி’யின் இறுதிக்காட்சியில், நாயகன் விட்டுவந்த அங்கம்மாளும் அவன் மகனும் புதிதாகப் பிடிக்கப்பட்ட கூட்டத்தோடு அதே தோட்டத்திற்கு வந்துசேர்கின்றனர். அவன் கதறலோடு படம் முடிகிறது. கலைநோக்கில் இம்முடிவு ஆற்றல்மிக்கது. கல்வி நோக்கில் இதுவே இடர்ப்பாடானது. ‘இதிலிருந்து மீட்சியில்லை’ என்பதே மாணவர் வகுப்பறையிலிருந்து எடுத்துச்செல்லும் செய்தியாகிவிடும். தொழிற்சங்கம் கண்ட ஒருவர் எழுதிய நாவலிலிருந்து பிறந்த படத்தில் தொழிற்சங்கத்தின் நிழலும் இல்லாதது வியப்பிற்குரியது.

நம் நாட்டு வரலாறு இவ்வாறு கதறலோடு முடியவில்லை. 1936-இன் இறுதியில் மலாயாவிற்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, பொருளாதார மந்தத்தின்போது குறைக்கப்பட்ட தினக்கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்னும் பழைய அளவிற்கே உயர்த்தப் பரிந்துரைத்தார். 1938-இல் கூலி மீண்டும் குறைக்கப்பட்டபோது, உதவிபெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு தடைசெய்தது. 1941-இல் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு வேறு கோரிக்கைகளும் எழுந்தன. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், வெள்ளையர் எதிர்ப்படும்போது தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பன அவற்றுட் சில. அப்போராட்டம் படைகொண்டு ஒடுக்கப்பட்டது, தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடுகடத்தப்பட்டார். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று.

மேற்குறித்த செய்திகளுள் 50, 40 என்னும் இரண்டு எண்களே ஒரு முழுப் பாடவேளைக்குப் போதுமானவை. தொழிலாளர்க்குப் பரிந்து எழுதப்பட்ட அறிக்கையும் பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவாகப் பரிந்துரைத்தது ஏன்? கொளுந்து கொய்த கைகளுள் பெரும்பகுதி பெண்களின் கைகள் அல்லவா? மிதிவண்டியிலிருந்து இறங்க மறுப்பதற்கும் கூலி உயர்வு கேட்பதற்கும் உள்ள தொடர்பு யாது? இவ்வினாக்களுக்கு விடைகாணும் மாணவர் இரக்கத்தைக் கடந்து நீதி என்னும் கருத்தை எட்டுவர். இரக்கம் பிறர்மீது கொள்வது. நீதி அனைவர்க்கும் உரியது.

நம் நாட்டுப் படங்கள்

மலேசியத் தமிழ்ப் படங்களும் இங்குக் கருதத்தக்கவை. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) இரப்பர்த் தோட்டத்துப் பெண்ணொருத்தியின் உயர்கல்விக் கனவைப் பேசுகிறது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின்னர்ப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குத் தள்ளப்பட்ட குடும்பத்தின் சிறுவனைப் பேசுகிறது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வுபெற்றது. இவ்விரண்டிலும் ‘பரதேசி’யின் பேரவலம் இல்லை. ஆனால், மாணவர் தம் வீட்டுப் பேச்சையும் தம் வீட்டு மௌனத்தையும் இவற்றில் கேட்பர். எனினும், இவை இரப்பரின் வரலாற்றோடு இயைந்தவை. கேமரன் மலைத் தேயிலைத் தொழிலாளரின் கதை இன்னும் எடுக்கப்படாத படமாகவே நிற்கிறது எனத் தோன்றுகிறது. அக்குறையையே பாடமாக்கலாம் என்பது நம் கருத்து.

வகுப்பறையில் செய்யத்தக்கன

‘பரதேசி’ முழுமையாகத் தொடக்கப்பள்ளி மாணவர்க்கு ஏற்றதன்று. நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்க்கும் இரண்டு காட்சிகளே போதும்: முன்பணம் வழங்கும் காட்சி, கணக்குத் தீர்க்கும் காட்சி. இவற்றைக் காட்டியபின் முதலில் உணர்வைக் கேட்காமல் கணக்கைக் கேட்கவேண்டும். எவ்வளவு கூலி, எவை கழிக்கப்பட்டன, அக்கழிவை யார் முடிவுசெய்தார் என மாணவர் தாளில் எழுதிப் பார்த்தல் நலம்.

அடுத்து, நாவலின் மருத்துவரையும் படத்தின் மருத்துவரையும் ஒப்பிடச் செய்யலாம். படைப்பாளர் ஒருவர் வரலாற்றை மாற்றும்போது எது விடுபடுகிறது எனக் காணும் பயிற்சி, பாடநூலையும் செய்தித்தாளையும் அவ்வாறே படிக்கத் துணைசெய்யும்.

மூன்றாவதாக, மாணவர் தம் வீட்டு முதியோரிடம் செல்லவேண்டும். பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கொளுந்தை நிறுத்தவர் யார், லயத்தை விட்டு எப்போது வெளியேறினீர்கள் என்னும் எளிய வினாக்களே போதுமானவை. முதியோர் சொல்வது படத்தோடு முரண்படுமாயின் மகிழ்ச்சி கொள்ளவேண்டும். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. மாணவர் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியும் ஓர் ஆவணமே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என்னும் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் வழிவந்தவை நம் தோட்டப் பள்ளிகள் எனக் கூறும்போது, மாணவர் தம் பள்ளிப் பெயர்ப்பலகையையே புதிதாய்ப் படிப்பர்.

முடிவுரை

‘பரதேசி’ வகுப்பறைக்கு உதவாத படம் என்பது நம் முடிவன்று. அது தரும் கண்ணீர் தொடக்கமாக அமையலாம். முடிவாக அமைதல் கூடாது. படம் காட்டாமல் விட்ட சட்டம், கூலிக்கணக்கு, சங்கம், போராட்டம் ஆகியவற்றை நிரப்புவதே ஆசிரியர் பணி.

இறுதியாக ஒன்று. இன்று கேமரன் மலைச் சரிவுகளில் இருவர் இருபுறமும் பற்றிய இயந்திரத்தால் கொளுந்து வெட்டுவோருள் பலர் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர். அவருள்ளும் முகவர்க்குக் கடன்பட்டு வந்தோர் உளர். முதலாளி தந்த குடியிருப்பில் வாழ்வோர் உளர். 2013-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், 2025-இல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த அதன் அளவு ஆகியன யாருக்கு முழுமையாகக் கிட்டுகின்றன என மாணவர் கேட்கத் தொடங்குவாராயின், அவர் தம் பாட்டனாரின் வரலாற்றைச் சரியாகக் கற்றுள்ளார் என நாம் கொள்ளலாம். தம் முன்னோர் பட்ட துன்பத்திற்கு அழுதுவிட்டு, தம் கண்முன் அதே லயத்தில் வாழ்பவரைக் காணாது செல்லும் மாணவருக்கு நாம் படம் காட்டியிருப்போம். வரலாறு கற்பித்திருக்க மாட்டோம்.