சலங்கை ஒலி: கனவு வெளியேறக் குடி புகுந்த கதை

கே. விசுவநாத் தெலுங்கில் 'சாகர சங்கமம்' என உருவாக்கி, 1983ஆம் ஆண்டில் வெளிவந்த படமே தமிழில் 'சலங்கை ஒலி' ஆயிற்று. இளையராசாவின் இசைக்கும் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலுக்கும் தேசிய விருது பெற்றுத் தந்த படம் அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஜோகுபாளையத்தில் வாழும் நாம், அதனைக் கண்டு கண்ணீர் உகுத்ததோடு நின்றுவிடலாகாது. அப்படம் காட்டும் சமூகத்தையும் ஆராய்தல் வேண்டும்.

கதைத்தலைவன் பாலு, சமையல் வேலை செய்து பிழைக்கும் ஏழைத் தாயின் மகன். பரதம், கூச்சிப்புடி, கதக் ஆகிய மூன்றிலும் வல்லவன். ஆயினும் அவனுக்கு அரங்கம் இல்லை. செல்வக் குடியிற் பிறந்த மாதவியின் முயற்சியால் பெரியதொரு நடன விழாவில் ஆடும் பேறு வாய்க்கிறது. விழா மலரில் புகழ்பெற்ற கலைஞர்களின் படங்களிடையே தன் படத்தையும் கண்டு அவன் கலங்கும் காட்சியை எவர் மறப்பார்? ஆனால், விழாவுக்கு முன்னரே தாய் மறைகிறாள், அவன் ஆடவில்லை. மாதவி பிறர் மனைவி என்பதும் பின்னர்த் தெரியவருகிறது. ஆண்டுகள் பல கழித்து நாம் காணும் பாலு, மதுவுக்கு அடிமையான பத்திரிகை விமர்சகன்.

கள்ளுண்பவனுக்குத் தாயின் முகத்தை நினைவூட்டினார் வள்ளுவர். பாலுவுக்கோ அத்தாயே இல்லை. குடியால் கனவு கெட்டது என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் கதை. இங்கோ கனவு வெளியேறிய வீட்டில்தான் குடி புகுகிறது.

ஒரு விழா தவறினால் ஒரு வாழ்வே தவறுவானேன்? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டும் விழா உண்டு. சமையற்காரியின் மகனுக்கு அழைப்பு ஒருமுறைதான் வருகிறது. இவ்வுண்மையைக் காட்டிய படமே, அதனை விதியென்றும் காதலென்றும் கொண்டு கடந்துவிடுகிறது. இறுதியில் அவன் கலை மாதவியின் மகளிடம் சேர்கிறது, அவனோ மாய்கிறான். கலை வாழ்ந்தது என ஆறுதல் கொள்ளும் நாம், கலைஞன் வாழ வழியின்றிப் போனதை மறந்துவிடுகிறோம்.

மற்றொரு குறையும் உண்டு. குடிபோதையில் பாலு கிணற்றின் மீது ஆடும் ஆட்டம் அழகாகவே இருக்கிறது. தாங்கிப் பிடிக்க ரகு என்னும் நண்பனும் இருக்கிறான். நம் தெருக்களில் குடிப்பவரைத் தாங்குவோர் மனைவியரும் மக்களுமே. அவ்வீடுகளில் அழகு ஏதுமில்லை.

பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்தோருள், தம் கனவைச் சொந்த ஊரிலேயே விட்டுவந்தோர் எத்தனை பேர்! கர்நாடகத்தில் 2007ஆம் ஆண்டு சாராயம் தடைசெய்யப்பட்டது. எனினும் பிற மது நின்றுவிடவில்லை. சட்டம் ஒரு கடையை மூடலாம்; இழந்த கனவை அது மீட்டுத் தராது. தேர்விலோ அரங்கிலோ ஒருமுறை தவறிய பிள்ளையை ஏசாது, மறுமுறையும் மேடையேற்றும் கடமை பெற்றோராகிய நமக்கும் நம் சங்கங்களுக்கும் உண்டு. பாலுவுக்குக் கிட்டாத அந்த இரண்டாம் அழைப்பை நம் பிள்ளைகளுக்கேனும் நாம் அளிப்போமாக.