படத்தில் இருப்பது எந்தப் பாலம்?

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை வகுப்பில் தொடங்கும்முன் ஒரு பழைய படத்தைக் காட்டுவது நம்மில் பலருக்கு வழக்கம். நல்ல வழக்கம்தான். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி வீட்டில் பேசக் கேட்டிராத பிள்ளைகளுக்கு ஒரு படம் பத்து நிமிட விளக்கத்தை மிச்சப்படுத்தும். ஆனால், எந்தப் படம்?

அண்மையில் புலனக் குழுக்களில் சுற்றி வந்த ஒரு பயிற்றியை என் வகுப்பிலும் பயன்படுத்தினேன். மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே வரி: 'குவாய் ஆற்றுப் பாலம், 1943'. இடத்தை அடையாளங்கண்டு நாவலின் பின்னணியோடு தொடர்புபடுத்தி எழுத வேண்டும். படத்தையும் ஒரு பனுவலாக வாசிக்கச் சொல்லும் இந்த முயற்சியைப் பாராட்டலாம். குறை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இரண்டாவது படத்துக்கு ஒரு மாணவன், "இது சினிமாவில் வெடிக்கும் பாலம்" என்று எழுதியிருந்தான். விடைத்தாளைப் பார்த்து நான் தவறு போட்டேன். அவன் விடவில்லை. "டீச்சர், நான் பார்த்திருக்கேன், கடைசியில ரயிலோட விழும்" என்றான். அன்றிரவு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

1957-இல் டேவிட் லீன் இயக்கிய படத்துக்காகக் கட்டிய மரப்பாலம் அது. படம் பிடித்த இடம் சயாமே இல்லை; இலங்கையில் களனி ஆற்றங்கரையிலுள்ள கித்துல்கல. நிலத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். படத்தில் இரு பக்கமும் செங்குத்தாகக் காட்டு மலை, நடுவில் குறுகிய ஆறு. உண்மைப் பாலம் நிற்கும் காஞ்சனாபுரியிலோ ஆறு அகலமானது, கரை தட்டையானது. திரைப்படம் வண்ணத்தில் வந்தது. யாரோ வண்ணத்தை எடுத்துவிட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையாக்கினால் எதுவும் பழசாகிவிடும் போலிருக்கிறது!

முதல் படம் காஞ்சனாபுரிதான். இடம் சரி, ஆண்டு தவறு. இந்த இரும்புப் பாலத்தின் சட்டங்களை ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அவற்றின் மேற்புறம் வில்போல் வளைந்திருக்கும். 1945-இல் நேசநாடுகளின் குண்டுவீச்சில் சில கண்கள் விழுந்தன. போருக்குப் பிறகு அந்த இடத்தில் வைத்த இரண்டு கண்களுக்கு மேற்புறம் நேராக இருக்கும். பயிற்றியின் படத்தில் நடுவே அந்த நேர்ச்சட்டங்கள் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. அப்படியானால் அது எப்படி 1943-ஆக இருக்க முடியும்? இன்னொன்றும் உண்டு. இரும்புப் பாலத்துக்குச் சில மாதங்கள் முன்பே, பக்கத்தில் ஒரு மரப்பாலம் போட்டு ரயில் விட்டார்கள். போர்க்காலத்தில் வானிலிருந்து எடுத்த படங்களில் இரண்டும் அருகருகே தெரியும். மரப்பாலம் இன்று இல்லை. ஆகவே எத்தனை பாலம், என்ன வளைவு என்று எண்ணினாலே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். மாணவர்களால் இது முடியும். பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

மூன்றாவது படம் பாறைச் சரிவை ஒட்டி மரக்கால்களில் வளைந்து போகும் தண்டவாளம். அது வாம்போ; குவே நொய் ஆற்றின் கரையோரம் செல்வது, ஆற்றைக் கடப்பதல்ல. 'ஆற்றுப் பாலம்' என்று அதை எப்படிச் சொல்வது?

ஆற்றின் பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாலம் கட்டியபோது அது மே குளோங் ஆறு. பியர் பூல் 1952-இல் தம் நாவலில் குவாய் என்று எழுதினார். திரைப்படத்தால் பெயர் உலகமெங்கும் பரவியது. பாலத்தைத் தேடிச் சுற்றுப்பயணிகள் வரவே, 1960-இல் தாய்லாந்து ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவே யாய் என்று பெயர் மாற்றிவிட்டது. கதைக்கேற்ப நிலப்படம் மாறியது. எனவே 1943 என்று போட்டு, குவாய் என்றும் எழுதுவது பொருந்தாது.

"ஒரு படக்குறிப்புக்கு இவ்வளவா?" என்று ஓர் ஆசிரியர் கேட்டார். அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அறுநூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன நம்மவர்கள் அந்த ஒரு பாலத்தடியில் மட்டும் இருக்கவில்லை; காட்டுக்குள்ளே, பர்மா எல்லை வரை, காலராவிலும் மலேரியாவிலும் மடிந்தார்கள். இறந்த போர்க்கைதிகள் ஏறக்குறைய 12,000 பேர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. ஆசியத் தொழிலாளர் சாவு 80,000, 90,000 என்று மதிப்பீடாகவே நிற்கிறது. திரைப்படத்தின் கதை பிரிட்டிஷ் கைதிகளின் கதை. அதன் பாலத்தைக் காட்டி, "இங்கேதான் உன் பூட்டன் வேலை செய்தார்" என்று பிள்ளையிடம் சொன்னால், நாவல் நிரப்ப வந்த இடத்தை நாமே மறுபடி காலியாக்குகிறோம்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு சொல். படத்தின் அடியில் உள்ள வரியை அப்படியே விடையாக எழுதாதீர்கள். ஆற்றின் அகலம், கரை, பாலத்தின் மேல்வளைவு, தூண் மரமா கற்காரையா என்று முதலில் பாருங்கள். பிறகு 'என்பதால்' போட்டுக் காரணத்தோடு எழுதுங்கள்.

பயிற்றியை நான் தூக்கியெறியவில்லை. முதல் படத்தின் குறிப்பைக் 'காஞ்சனாபுரி இரும்புப் பாலம், போருக்குப் பின்' என்று திருத்தினேன். மூன்றாவதற்கு 'வாம்போ, குவே நொய் கரை'. இரண்டாவதை எடுக்கவில்லை; அதனடியில் 'இது ஏன் சயாமாக இருக்க முடியாது?' என்று கேள்வி போட்டிருக்கிறேன். அந்த மாணவனுக்கு இரண்டு புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.