அரை அடி

மைக் டைசன் முதன்முதலாகத் தோற்ற சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் பந்தயக் கணக்கில்தான் தொடங்குவார்கள். பஸ்டர் டக்ளஸ் ஜெயித்தால் ஒன்றுக்கு 42 என்று லாஸ் வேகாஸின் மிராஜ் விடுதி விலை வைத்தது. மற்ற விடுதிகளில் பெரும்பாலானவை இதற்கெல்லாம் ஒரு பந்தயமா என்று விட்டுவிட்டன. அடுத்து, போட்டிக்கு 23 நாள் முன்பு டக்ளஸின் தாயார் இறந்துபோன கதை வரும். அதற்கடுத்து, டைசன் ஒழுங்காகப் பயிற்சி எடுக்கவில்லை என்ற சமாதானம். மூன்றும் உண்மைதான். ஆனால் 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோ டோமில் டக்ளஸ் பத்து ரவுண்டு செய்த வேலை இந்த மூன்றிலும் அடங்காது. துக்கத்தில் இருக்கிறவருக்கு வெறி வரலாம், முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டிப் போடுகிற ஜாப் வராது.

அந்தச் சண்டையை அதிசயம் என்று சொல்லி மூடி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏறி அடிக்கிற, ஒரே குத்தில் படுக்க வைக்கிற ஆளை எப்படிக் கையாள்வது என்பதற்கு அதைவிடத் தெளிவான வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை.

டைசனுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். உயரம் 178 செ.மீ.; ஹெவிவெயிட்டில் அது குள்ளம். பயிற்சியாளர் கஸ் டமாட்டோ அவரைப் பதின்பருவத்திலேயே எடுத்து வளர்த்து, இரண்டு கிளவுஸும் கன்னத்தை ஒட்டியிருக்க, தலையை ஓயாமல் இடமும் வலமும் ஆட்டியபடி குனிந்து உள்ளே நுழைகிற பாணியைப் பழக்கினார். எதிராளியின் ஜாப் காதோரமாகக் கடந்துபோகும் நொடியில் டைசன் உள்ளே வந்திருப்பார். விலாவுக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று. அந்தக் குத்து கையில் பிறப்பதில்லை. பாதம் ஊன்ற வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், தோள் வர வேண்டும், கை கடைசியாகத்தான் வரும். இத்தனையும் நடக்க ஒரு குறிப்பிட்ட இடைவெளி தேவை. அதற்கு வெளியே நின்றால் குத்து எட்டாது. அதற்கும் உள்ளே போய் மார்போடு மார்பு ஒட்டிக்கொண்டால் பக்கவாட்டில் வளைந்து வருகிற ஹூக் சுழல இடமிருக்காது. ஆபத்து முழுவதும் நடுவில்தான் இருக்கிறது. பயந்தவர்கள் போய் நிற்பதும் அங்கேதான். நேராகப் பின்வாங்குவார்கள், முதுகில் கயிறு இடிக்கும், நின்றுவிடுவார்கள். பாடி வந்தவனைக் கபடிக்காரர்கள் மூலைக்கு ஒதுக்குவதுபோல, டைசன் ஓடாமல், துரத்தாமல், வழியை மட்டும் அடைத்துக்கொண்டு நடந்து வருவார். அதுவரை தோல்வியே அறியாத மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 1988 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் 91 வினாடிக்குள் விழுந்துபோனார்.

டக்ளஸின் கை வீச்சு 83 அங்குலம், டைசனுடையது 71. ஓர் அடி வித்தியாசம் என்று எல்லாரும் எழுதினார்கள். இரண்டு கையையும் விரித்து விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அளக்கிற அளவு இது. ஒரு கைக்கு என்று பார்த்தால் டக்ளஸுக்குக் கூடுதலாகக் கிடைத்தது அரை அடிதான். அதை வைத்து ஜெயித்துவிட முடியுமென்றால் 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டைரல் பிக்ஸ் ஜெயித்திருக்க வேண்டும். அவர் டக்ளஸைவிடவும் உயரம். 1987இல் ஏழாவது ரவுண்டோடு சரி.

டக்ளஸ் அந்த அரை அடியை எப்படிச் செலவழித்தார் என்பதில்தான் ருசி இருக்கிறது. ஜாபில் இரண்டு விதம் உண்டு. தொட்டுவிட்டு இழுத்துக்கொள்வது ஒன்று. புள்ளிக்கு ஆகும், ஏறி வருகிறவரை நிறுத்தாது. தோளின் எடையை ஏற்றி நிறுத்தி வைக்கிற ஜாப் இன்னொன்று. டக்ளஸ் போட்டது இரண்டாவது வகை. அதைப் போட்ட நேரம் இன்னும் முக்கியம். டைசன் வந்து நின்ற பிறகு அல்ல, வருவதற்காகக் கால் எடுக்கும்போதே அந்த ஜாப் முகத்தில் இருந்தது. ஒரு பாதம் அந்தரத்தில் இருக்கிறவருக்குக் குத்த ஊன்றுகோல் கிடையாது. மறுபடி கால்களைச் சரிசெய்ய வேண்டும், மறுபடி தலையை ஆட்டத் தொடங்க வேண்டும். அதற்குள் அடுத்த ஜாப்.

ஒற்றை ஜாபை டைசன் தலையைச் சாய்த்துத் தப்பிவிடுவார், அதற்காகவே வளர்க்கப்பட்டவர். ஆகவே டக்ளஸ் இரட்டையாகப் போட்டார். முதலாவது தலையை நகர்த்த, இரண்டாவது நகர்ந்த இடத்தில் பிடிக்க. பின்னாலேயே நேர் வலது. 1988இல் பயிற்சியாளர் கெவின் ரூனியை அனுப்பிவிட்ட பிறகு டைசனின் தலையாட்டம் குறைந்துகொண்டே வந்திருந்தது, ஒரே குத்துக்காகக் காத்திருக்கும் பழக்கம் வந்திருந்தது என்பது நிஜம். இளைய டைசனிடம் இது பலித்திருக்குமா என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அன்று எதிரே நின்றவரை டக்ளஸ் சரியாகப் படித்திருந்தார், அவ்வளவுதான்.

இத்தனையும் மீறி டைசன் உள்ளே வந்துவிட்டால்? கட்டிப்பிடித்தார். இந்த இடத்தில் நம் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். குத்துச்சண்டையில் கிளிஞ்ச் என்றால் நேரத்தைக் கடத்துகிற வேலை என்று ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அது முழுப் பொய்யுமல்ல. 1987 மார்ச்சில் லாஸ் வேகாஸில் ‘போன்கிரஷர்’ ஸ்மித் 12 ரவுண்டும் டைசனைக் கட்டிக்கொண்டே நின்றார். நடுவர் புள்ளிகளைக் குறைத்தார், ஸ்மித் பரிதாபமாகத் தோற்றார், பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஸ்மித் பிடித்தது உயிர் பிழைக்க. டக்ளஸ் பிடித்தது தன் தூரத்தைத் திரும்ப வாங்க. முதலில் மூன்று நான்கு குத்து போடுவார், டைசன் பதிலுக்கு எழும்பும்போது கைகளுக்கு மேலாகத் தன் கையைப் போட்டு அமுக்கிக்கொண்டு, உடம்பின் பாரத்தை அவர் கழுத்தில் இறக்குவார். நடுவர் வந்து விலக்குவார். விலகி நின்றால் மறுபடி ஜாபுக்கு ஏற்ற தூரம்!

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காதது டக்ளஸின் இடது பாதம். குத்துகளை மறந்துவிட்டு அதை மட்டும் ஒரு ரவுண்டு பாருங்கள். அவர் ஆடவில்லை, ஓடவில்லை. வலது போட்டு முடித்ததும் இடது முன்பாதத்தின்மேல் உடம்பு லேசாகத் திரும்புகிறது. டைசன் பாய்கிற கோட்டில் அவர் இல்லை. பாய்ந்தவர் நின்று, திரும்பி, தேடி, மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. காலைப் பார்த்து ரசிக்கும் பழக்கத்தை நம் ஊரில் பலருக்கு ஏற்படுத்தியது 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யின் டான்ஸிங் ரோஸ்தான். அந்தக் கதாபாத்திரத்தின் துள்ளல் கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. டக்ளஸின் கால்வேலையில் துள்ளல் கிடையாது. சிக்கனம்தான் அதன் அழகு. 100 கிலோவுக்கு மேற்பட்ட உடம்பு, தேவைக்கு ஓர் அங்குலம் கூடுதலாக நகரவில்லை.

ஐந்தாவது ரவுண்டு வாக்கில் டைசனின் இடது கண் வீங்கத் தொடங்கியது. அவர் மூலையில் இருந்தவர்களிடம் வீக்கத்தை அழுத்துகிற குளிர் இரும்புகூட இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி வைத்து ஒத்தினார்கள். உலக சாம்பியனின் மூலை!

எட்டாவது ரவுண்டு முடியச் சில வினாடிகள் இருக்கும்போது டக்ளஸ் ஒரே ஒரு தடவை அந்த நடுத் தூரத்தில் அசந்து நின்றார். வலது அப்பர்கட் கீழிருந்து வந்தது. விழுந்தார். விழுந்தவர் தரையை முஷ்டியால் ஓங்கி அடித்தார், தன்மீதே கோபம். தலை கிறுகிறுத்தவர் அப்படிச் செய்ய மாட்டார். நடுவரின் ஒன்பதாவது எண்ணிக்கைக்கு எழுந்தார், மணி அடித்தது. நடுவர் மெதுவாக எண்ணினார் என்று டைசனின் புரமோட்டர் டான் கிங் பிறகு கிளப்பிய ரகளையைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

ஒன்பதாவது ரவுண்டுதான் இந்தச் சண்டையின் உச்சம். அதுவரை டைசனிடம் விழுந்து எழுந்தவர்கள் எழுந்ததும் ஒதுங்கப் பார்த்தார்கள். ஏறி அடிக்கிறவரின் பலத்தில் பாதி எதிராளி ஒதுங்குவான் என்ற நம்பிக்கை. டைசன் கதையை முடிக்க வந்தார். டக்ளஸ் ஒதுங்காமல் அதே ஜாபை, அதே வலதை, இன்னும் அழுத்தமாகப் போட்டார்; ரவுண்டு முடியும்போது கயிற்றில் சாய்ந்து நின்றது டைசன். இதற்குப் பிறகும் ஒரு நீதிபதி கையில் டைசன் ஒரு புள்ளி முன்னால், இன்னொருவர் கையில் சமம், மூன்றாமவர் மட்டும் டக்ளஸுக்கு 88-82. முதல் இருவரும் எந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. பத்தாவதில் டக்ளஸ் அவர்கள் கையை எதிர்பார்க்கவில்லை. ஜாப்கள், பிறகு குனிந்து வந்த முகத்தை நிமிர்த்திய வலது அப்பர்கட், நிமிர்ந்த முகத்துக்கு நான்கு குத்து. 37 வெற்றிகளில் ஒருமுறைகூட விழாதவர் தரையில் தவழ்ந்து பல்லுறையைத் தேடினார்.

இந்த மாதிரிச் சண்டை என்றதும் எல்லாரும் உதாரணம் காட்டுவது 1974 அக்டோபர் 30 கின்ஷாசாவைத்தான். 40 சண்டையில் 37 நாக்-அவுட் வைத்திருந்த ஜார்ஜ் ஃபோர்மனைக் கயிற்றில் சாய்ந்தபடி அடிக்க விட்டு, களைக்க வைத்து, எட்டாவது ரவுண்டில் முகமது அலி சாய்த்தார். மகத்தானதுதான். ஆனால் கயிற்றில் சாய்வது அலிக்குப் பிறகு யாருக்கும் பாடமாக உதவாது. அலியின் உடம்பும் அடி தாங்கும் நெஞ்சும் வேண்டும். அந்தச் சண்டையில் பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு: முதல் ரவுண்டில் ஜாபே இல்லாமல் எடுத்த எடுப்பில் போட்ட நேர் வலதுகள், ஒட்டி நின்ற போதெல்லாம் ஃபோர்மனின் பிடரியில் கைபோட்டுக் கீழே அழுத்திய அழுத்தம். இரண்டாவதை டக்ளஸிடமும் பார்க்கலாம்.

எட்டு மாதம் கழித்து டக்ளஸ் என்ன ஆனார் என்பது இந்தக் கலையின் கறார்த்தனத்தைக் காட்டும். 1990 அக்டோபர் 25. உடம்பு பெருத்து, 246 பவுண்டில் வந்து நின்றார், டோக்கியோவில் 231. மூன்றாவது ரவுண்டில் இவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு எதிராக அதே வலது அப்பர்கட்டை எடுத்தார். ஜாப் போட்டு வழி உண்டாக்காமல், எட்டாத தொலைவிலிருந்து. ஹோலிஃபீல்டு பின்னால் சாய்ந்து அதைக் காற்றில் விட்டு, நேர் வலது ஒன்று போட்டார். டக்ளஸ் எழவில்லை.

அந்த ஹோலிஃபீல்டு 1996 நவம்பர் 9 அன்று டைசனைச் சந்தித்தபோது டக்ளஸின் நீளக் கை அவரிடம் இல்லை. ஆகவே மற்ற வழியை எடுத்தார்: டைசன் குத்தத் தொடங்கும்போது பின்வாங்காமல் ஓர் எட்டு உள்ளே வைத்து மார்பில் மோதினார், ஒட்டியதும் முன்கையால் தள்ளி அவரைப் பின்னால் நடக்க வைத்தார். தலைகளும் மோதின, டைசன் தரப்பு அதைப் பெரிய புகாராக்கியது, அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் கவனிக்க வேண்டியது டைசனின் பாதங்களை. முன்னால் போய் மட்டுமே பழகியவை, பின்னால் போகும்போது குதிகாலில் நிற்கின்றன. குத்து வெறும் கை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆறாவதில் இடது ஹூக் ஒன்று அவரைக் கீழே தள்ளியது. பத்தாவதின் கடைசியில் ஹோலிஃபீல்டு வரிசையாகப் போட்ட குத்துகளுக்கு அவரிடம் பதிலே இல்லை. 11ஆவது தொடங்கி 37 வினாடியில் நடுவர் இடையில் வந்து நிறுத்தினார்.