சேறு வேறு, உளை வேறு

சுண்ணாம்புக்குளம் போகலாமா என்று கேட்டால், "அங்க என்ன இருக்கு?" என்கிறார்கள். சேறு இருக்கிறது ஐயா! கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில், அப்புறம் ஏரிப்பக்கம் போகிற ரோடு. பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரை வந்துவிடும். நம் ஆட்களோ ஏற்காட்டுக்கு ஓடுகிறார்கள்.

அடிப்படை சுருக்கமாக. தை, மாசியில் போங்கள். மழைத் தண்ணீர் வடிகிற நேரம். விடிகாலையில் இறங்குங்கள். ஊர் மீனவர் ஒருவர் கட்டாயம் கூட வரவேண்டும். தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். எதுவரை போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி. போதும்.

இனி முக்கியமானது. எல்லாவற்றையும் 'சேறு' என்பவருக்குக் காலே கிடையாது என்பேன். சகதி என்பது மேலே தளதளவென்று கிடப்பது, வழுக்கும், அவ்வளவுதான். சேறு கணுக்காலைப் பிடிக்கும், கேட்டால் விடும். உளை விடாது. என் கணக்கு இது: நண்டு வளை இருந்தால் பெரும்பாலும் தரை தாங்கும். உமரி முளைத்திருந்தால் இன்னும் நல்லது. வளையும் இல்லை, செடியும் இல்லை, மேலே கண்ணாடி மாதிரி மினுக்குகிறதா? சுற்றிப் போங்கள். கால் புதைந்த இடத்தில் அடிமண் கறுப்பாக வந்து அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். காற்றுப் புகாத மண்ணில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. மூக்கைப் பொத்துகிறவர் பாதி ஏரியைப் பார்க்கவில்லை.

காலை நேராக இழுக்காதீர்கள். குதிகாலைத் திருகி, காற்றை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெறுங்கால் வீரமும் வேண்டாம், கிளிஞ்சல் கிழித்துவிடும். அதைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள்.

பூநாரை வந்தால் பாருங்கள். அதற்காக மட்டும் ஒரு முழ லென்ஸோடு வந்து, காரை விட்டு இறங்காமல் திரும்புகிற கூட்டத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் ஊரில், இன்று வழிகாட்டிக்குக் காசு கொடுத்துக் கடற்சேற்றில் நடக்கிறார்கள். நாம் அவர்கள் கல்லறையைப் படம் எடுத்துக்கொண்டு மீன் வறுவலுக்குப் போய்விடுகிறோம்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, முதல் தடவை நான் தொடை வரை போய்விட்டேன். பக்கத்தில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த இருளர் அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருந்ததால் பேச முடியவில்லை. கையை மட்டும் கீழே அமுக்கிக் காட்டினார்: உட்காரு. உட்கார்ந்தேன், வேட்டியோடு. உளை விட்டது. அதற்குள் அவர் அடுத்த இறாலைப் பிடித்துவிட்டார்.