பழைய கணினி விளையாட்டுக்கள்: ஒரு மறுநோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகைக்கு நிலைக்களனாவன நான்கு என வகுத்து, அவற்றுள் விளையாட்டினையும் ஒன்றாக வைத்தனர். பிற்காலப் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடுங்கால் சிற்றில், சிறுதேர், அம்மானை, ஊசல் முதலியவற்றையே பருவங்களாக அமைத்துக்கொண்டனர். ஆகவே, விளையாட்டினை ஆராய்தல் கற்றோர்க்குத் தகாத செயல் என்பது நம் மரபன்று. அம்மரபினைத் துணையாகக் கொண்டு, வீட்டுக் கணினிகள் தோன்றிய காலத்து விளையாட்டுக்கள் இரண்டனை மீண்டும் நோக்கி, அவற்றின் நிறையையும் குறையையும் எடைபோடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1980ஆம் ஆண்டினை அடுத்து மேனாட்டு வீடுகளிற் கணினி புகுந்தது. 1982இல் வெளிவந்த சிங்கிளயர் ஸ்பெக்ட்ரம் 16 அல்லது 48 கிலோபைற் நினைவகம் உடையது; பி.பி.சி. மைக்ரோவின் இரண்டாம் வகை 32 கிலோபைற் உடையது. இன்று மாணவனொருவன் கைப்பேசியில் எடுக்கும் ஒரே நிழற்படம் இவற்றினும் பன்மடங்கு இடங்கொள்ளும். நம் நாட்டுக்கும் அக்கலைக்கும் அன்றே ஒரு தொடர்பிருந்தது. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1973இல் வெளியிட்ட ‘ரோன்டெவூ வித் ராமா’ என்னும் நாவல் 1984இற் கணினி விளையாட்டாகியது. ஆயினும் எல்கடுவ போன்ற மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளில், அக்காலத்தே பல லயங்களுக்கு மின்விளக்குத்தானும் வந்திலது. பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்கள் வழியாகவே அவ்விளையாட்டுக்கள் நம் மாணவரைப் பல்லாண்டு கழித்து வந்தடைந்தன.

இத்தாமதம் ஒருவகையில் நமக்கு நன்மையே. மேனாட்டார் பலர் இவற்றைப் போற்றுமிடத்துத் தம் இளமையையே போற்றுகின்றனர். தந்தையார் வாங்கித்தந்த கணினி, மழைக்கால மாலை, உடனிருந்த தோழர் என்னும் நினைவுகள் அவர்தம் மதிப்பீட்டிற் கலந்துவிடுகின்றன. நமக்கோ அத்தகைய நினைவில்லை. பிறந்த மண்ணும் காலமும் வேறான ஒரு நூலைப் படிப்பார் போல இவற்றை நாம் அணுகலாம். அங்ஙனம் அணுகுவார்க்கு ஓருண்மை புலனாகும்: நினைவகம் சிறுத்தமையால் நேர்ந்த குறைகள் பல கலைநயமாக மாறின, கருத்துச் சிறுத்தமையால் நேர்ந்தவை குறையாகவே நின்றன. இவ்விரண்டனையும் பிரித்துக் காட்டுதலே திறனாய்வாளன் கடன்.

முதற்கண் ‘எலைற்’ என்னும் விளையாட்டினை எடுத்துக்கொள்வோம். இதனைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவரான டேவிட் பிராபன், இயன் பெல் என்னும் இருவர் இயற்றினர். அக்கோர்ன்சொவ்ற் நிறுவனம் 1984இற் பி.பி.சி. மைக்ரோவுக்கென வெளியிட்டது. விண்கலமொன்றிற் சரக்கேற்றி, உலகுதொறும் சென்று விற்று, கொள்ளையரோடு பொருது பொருளீட்டுதல் இதன் பொருள். இதனுள் எட்டு விண்மீன் மண்டலங்களும், ஒவ்வொன்றிலும் 256 உலகங்களும் உள. ஆக 2048 உலகங்கள். இத்துணையும் 32 கிலோபைற்றுள் அடங்கியது எங்ஙனம்? ஆசிரியர்கள் உலகங்களை எழுதி வைத்தாரல்லர். அவற்றைப் பிறப்பிக்கும் விதியினையே எழுதி வைத்தனர். ஆறு பைற் அளவினதான ஒரு வித்தெண்ணைக் கணக்கிட்டுத் திரித்தலால் ஒவ்வோருலகின் பெயரும், ஆட்சிமுறையும், செல்வநிலையும் வேண்டும்போது தோன்றும், வேண்டாதபோது மறையும். எத்தனை முறை சென்றாலும் அவ்வுலகம் அவ்வுலகமாகவே இருக்கும். சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல் என்று நன்னூலார் கூறிய அழகுக்கு இதனினும் பொருந்திய எடுத்துக்காட்டு இத்துறையில் அரிது.

அடுத்து ‘பிரின்ஸ் ஒவ் பேர்சியா’. ஜோர்டன் மெக்னர் என்னும் அமெரிக்க இளைஞர் அப்பிள் 2 கணினிக்கென இயற்றிய இதனைப் புரோடர்பண்ட் நிறுவனம் 1989இல் வெளியிட்டது. தீய அமைச்சன் ஒருவன் சிறைவைத்த அரசிளங்குமரியை வீரன் 60 நிமிடத்துள் மீட்டல் வேண்டும். மெக்னர் தம் இளவலை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அப்படங்களைச் சட்டஞ் சட்டமாக வரைந்தெடுத்தார். அதனால் வீரனது அசைவில் உயிர்ப்பு மிகுந்தது, நினைவகமோ தீர்ந்தது. பகைவன் ஒருவனைப் புதிதாக வரைய இடமின்மையால், வீரனது உருவத்தையே கணித முறையால் மாற்றி ஒரு நிழலுருவாக்கினார்.

அந்நிழல் கதையுள் நுழைந்த முறையே வியக்கத்தக்கது. நான்காம் கட்டத்தில் வழிமறிக்கும் கண்ணாடியினூடே வீரன் பாய்கின்றான். அவனுடைய நிழல் மறுபுறம் தோன்றி ஓடுகின்றது. பின்னர் அவனுக்குரிய மருந்தினை அது பருகிவிடுகின்றது. வேறோரிடத்துக் கதவினை அடைத்து அவனை வீழ்த்துகின்றது. இறுதிக் கட்டத்தில் இருவரும் வாளேந்தி எதிர்ப்படுவர். வீரன் நிழலை வெட்டினால் வெட்டு அவன்மேலும் விழும். வாளினை உறையிலிட்டால் நிழலும் உறையிலிடும். இருவரும் எதிரோடி ஒன்றாவர். அதுவரை வெட்டுதலையே வெற்றியெனக் கற்பித்த விளையாட்டு, ஈண்டு வெட்டாமையைக் கற்பிக்கின்றது. இதனுள் வேதாந்தம் காண முயலுதல் மிகையே. எனினும் முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டை இதற்குப் பொருத்திப் பார்க்கின், சிறையும் 60 நிமிடமும் முதல். வாளும் மருந்தும் காவலரும் கரு. தன்னோடு தான் பொருந்துதலே உரி எனலாம். உரிப்பொருள் இருத்தலினாலேயே இது பொழுதுபோக்கு என்னும் எல்லையைக் கடக்கின்றது.

இனி, குறையினைக் கூறுவாம். எலைற் விளையாட்டில் விற்பனைக்குரியனவாகப் பதினேழு பண்டங்கள் பட்டியலிடப்பட்டுள. உணவு, துணி, இயந்திரம், உலோகம் என்னும் அவ்வரிசையில் அடிமைகளும் ஒரு பண்டம்; அளவை, தொன். மனிதர் தொன் கணக்கில் நிறுக்கப்படுகின்றனர்! இது சட்டவிரோதச் சரக்கே என்றும், ஏற்றிச் செல்வோனைக் காவற்கலங்கள் துரத்துமென்றும் அவ்விளையாட்டுக்குச் சார்பாகக் கூறலாம், அது மெய்யே. ஆனால் அத்துரத்தல் வணிகனுக்கு நேரும் இடர்மட்டுமே. சரக்காக இருப்போர்க்கு முகமில்லை, குரலில்லை. விலை மட்டும் உண்டு.

நினைவகம் போதாமையால் இங்ஙனம் ஆயிற்றென்று கூறவியலாது. அச்சொல்லை நீக்கினால் இடம் மிஞ்சுமேயன்றிக் குறையாது. மாத்தளை மாவட்டத்துப் படிப்பாளன் இவ்விடத்தைக் கடந்துசெல்லுதல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தோர் பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். பின்வந்தோர் தோட்ட எண் பொறித்த தகரவில்லையோடு வந்தனர். அவர்தம் பயணச் செலவு அவ்வெண்ணின்மேற் கணக்கெழுதப்பட்டது. அவர்கள் சட்டப்படி அடிமைகளல்லர். ஆயினும் மனிதன் எண்ணாகவும் செலவாகவும் எழுதப்படும் பேரேடு எத்தகையது என்பதை அவர்தம் வழித்தோன்றல்கள் அறிவர். அறியாத இருவர், இருபதாண்டு வயதில், கருதாது எழுதிய ஒரு வரி அது. அவர்களைப் பழித்தல் எளிது. ஓர் அட்டவணை எத்துணை எளிதில் மனிதரை விழுங்கும் என்பதைக் கற்றலே பயனுடைத்து.

‘விளையாட்டினை இத்துணை ஆராய்தல் வேண்டுமோ?’ என வினவுவாருளர். நூலைப் படிப்போன் கதையைக் கேட்கின்றான். விளையாடுவோன் கதையைச் செய்கின்றான். தன் கையாற் செய்தது மனத்தில் ஆழப் பதியுமாதலின், ஆராய்ச்சி ஈண்டு மிகுதியும் வேண்டப்படுவதே.

ஆராய்தற்கு முன் அவை எஞ்சியிருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என 2023இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. காந்தத் தட்டுக்களும் நாடாக்களும் ஓலைச்சுவடியினும் விரைந்து அழிவன. மெக்னரின் மூல நிரல் எழுதிய தட்டுக்கள் 2012இலேயே கண்டெடுக்கப்பட்டு, அரிதின் முயன்று படிக்கப்பட்டு, யாவரும் காண வெளியிடப்பட்டன. செல்லரித்த சுவடிகளைத் தேடி 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் நாட்டினராகிய நமக்கு இம்முயற்சியின் அருமை கூறாமலே விளங்கும்.

ஆகவே, பழைய விளையாட்டுக்கள் காக்கப்படல் வேண்டும். எலைற் பட்டியலிலுள்ள அவ்வொரு வரியையும் நீக்காமற் காத்தல் வேண்டும். கணினி கற்பிக்கும் ஆசிரியர் ஆறு பைற்றின் திறத்தை விளக்குக. வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் அப்பட்டியலை விளக்குக. மொழியாசிரியர் கண்ணாடியினின்று வந்த நிழலை விளக்குக. மூவரும் ஒருங்கே விளக்கும் வகுப்பில் மாணவன் விளையாடவும் கற்பான்; தான் விளையாடுவது யாதென வினவவும் கற்பான்.