கரண்ட் பாய்கிறதா, இழுக்கப்படுகிறதா? பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடம் பற்றி

ராயக்கோட்டை பக்கம் தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். பத்தாவது படிக்கிற பையன். முந்தின வாரம்தான் அவர்கள் போர் மோட்டார் காயில் எரிந்திருந்தது. லோ வோல்டேஜில் ஓட்டியதுதான் காரணம் என்று காயில் கட்டும் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

"அண்ணா, வோல்டேஜ் கொறஞ்சா கரண்டும் கொறையணும்ல? ஓம் விதி அப்படித்தானே சொல்லுது? அப்புறம் எப்படி எரிஞ்சுது?"

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். திரும்பி வந்து தமிழ்நாடு பாடநூலின் மின்னோட்டவியல் பாடத்தை எடுத்து நிதானமாகப் படித்தேன். இந்தக் குறிப்பு அதிலிருந்து வந்தது.

பாடத்தில் பிழை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓம் விதிக்கு முன்னால் 'மாறா வெப்பநிலையில்' என்ற நிபந்தனை ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் அந்த இரண்டு வார்த்தையும் ஒரு மார்க்குக்கான மனப்பாடமாகிவிடுகிறது. மிஞ்சுவது முக்கோணம்தான்: மேலே வி, கீழே ஐ, ஆர். ஒன்றை மறைத்தால் விடை கிடைக்கும். கணக்குக்கு அது போதும், மோட்டாருக்குப் போதாது.

சிக்கல் இங்கேதான். வி = ஐ × ஆர் என்பது ஒன்று, ஓம் விதி என்பது வேறொன்று. எந்தச் சாதனத்திலும் வோல்டேஜை கரண்டால் வகுத்து ஒரு எண்ணை எடுக்கலாம். வோல்டேஜை மாற்றினாலும் அந்த எண் மாறாது என்பதுதான் ஓம் 1827இல் வெளியிட்ட நூலில் சொன்ன விஷயம். அதுவும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைத்து, ஆறவிட்டு மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள், அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பாடத்தின் கடைசியில் வரும் எல்.இ.டி.யும் ஓம் விதிக்குக் கட்டுப்படாத சாதனம்தான். ஒரே பாடத்தில் இருக்கிற இந்த இரண்டையும் யாரும் சேர்த்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

பையனின் கேள்விக்கு வருவோம். இண்டக்‌ஷன் மோட்டாரையெல்லாம் பத்தாம் வகுப்பில் நடத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதில் அதே பாடத்தில், வோல்ட் என்ற அலகின் வரையறையிலேயே இருக்கிறது. ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் ஆற்றல் என்றால் அது ஒரு வோல்ட். ஒரு நொடிக்கு ஒரு கூலும் போனால் ஒரு ஆம்பியர். மோட்டார் தூக்க வேண்டிய தண்ணீரும் ஆழமும் பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு கூலும்பும் கொண்டுவரும் ஆற்றல் குறைந்தால், அதே வேலைக்கு நொடிக்கு அதிகக் கூலும் வேண்டும். ஃபேஸுக்கு 240 வோல்டில் 10 ஆம்பியர் எடுத்த மோட்டார், 200 வோல்டில் தோராயமாக 12 ஆம்பியர் எடுக்கும். காயிலில் உண்டாகும் வெப்பம் கரண்டின் இருமடியைப் பொறுத்தது. எனவே சூடு 44 சதவீதம் ஏறும். காயில் எரிந்ததற்குக் காரணம் இதுதான்.

அப்படியென்றால் ஓம் விதி பொய்யா? இல்லை, அது வேலை செய்யும் இடம் வேறு. எங்கள் மாவட்டத்தில் ஆயிரம் அடி போர் அதிசயமில்லை. அவ்வளவு ஆழத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள் இறக்கினால் ஒரு கம்பியின் தடை சுமார் 1.4 ஓம். 10 ஆம்பியருக்கு 14 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். மூன்று கம்பியிலும் சேர்த்து 420 வாட் வெறும் சூடு. மோட்டார் 12 ஆம்பியர் எடுத்தால் கேபிளில் போவது கிட்டத்தட்ட 17 வோல்ட், மோட்டாருக்கு வருவது இன்னும் குறையும், அது இன்னும் அதிகமாக எடுக்கும். கேபிள் ஓம் விதிப்படி நடக்கிறது, மோட்டார் அப்படி நடக்கவில்லை. இரண்டும் ஒரே சர்க்யூட்டில் தொடராக இருக்கின்றன. இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்?

இன்னொரு விஷயம் மொழி. பாடநூலில் மின்னோட்டம் 'பாய்கிறது'. தொட்டித் தண்ணீர் உவமையும் அதோடு வந்துவிடும்: மேலே அழுத்தம், கீழே ஓட்டம். அந்த உவமையில் வோல்டேஜ் தள்ளுகிறது, மற்றதெல்லாம் சும்மா வழிவிடுகிறது. ஓசூரில் காயில் கட்டும் கடையில் போய்க் கேளுங்கள். "ஆம்ப்ஸ் ஜாஸ்தி இழுக்குது" என்பார்கள். பேச்சு தமிழிலிருந்து தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் தாவும், வோல்டேஜும் ஆம்ப்ஸும் மட்டும் மாறாது. 'இழுக்குது' என்ற அந்தச் சொல்லில் நிறைய இயற்பியல் இருக்கிறது. எவ்வளவு கரண்ட் என்பதைத் தீர்மானிப்பதில் லோடுக்கும் பங்கு உண்டு என்று அது சொல்கிறது. பாடநூல் தமிழுக்குள் இந்த வினைச்சொல் வரவே இல்லை. கொச்சை என்று நினைத்திருக்கலாம்.

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி ஐ.டி.ஐ. படிக்கிற, அப்ரண்டிஸ் சேருகிற பிள்ளைகள் ஏராளம். முக்கோணத்தை மட்டும் நம்பி வேலைக்குப் போகிறவன், "வோல்டேஜ் கம்மிதானே, ஒண்ணும் ஆகாது" என்று மோட்டாரை ஓடவிடுவான். ஓவர்லோட் ரிலே ட்ரிப் ஆனால் செட்டிங்கை ஏற்றி வைப்பான்.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். ஓம் விதிக்கு அடுத்து, அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று ஒரு பட்டியல்: நிக்ரோம் கம்பி, குண்டு பல்பு, எல்.இ.டி., மோட்டார். கூடவே ஒரு கேள்வி: லோ வோல்டேஜில் மோட்டார் ஏன் எரிகிறது?

அந்தப் பையனுக்குப் போன் பண்ணி மேலே உள்ள கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பரீட்சையில எதை எழுதறது?" என்றான். முக்கோணத்தையே எழுது என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.